இரண்டு விரல் உயரம்

அத்தியாயம் பதினொன்று

வெள்ளம் வடிந்து இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. தியெப் அம்மாள் வீட்டுக்கு இன்னும் வாசல்தான் இருந்தது, கதவு இல்லை.

ஒன்பதாம் மாத வெள்ளத்தில் மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்த ஒரு பலாமரம், தெருவில் அத்தனை வீட்டையும் விட்டுவிட்டு இந்த வீட்டு இடது கதவைத்தான் தேடி வந்து முட்டியது. கதவின் கீழ்ப்பகுதி பிளந்தது. அது சுழலும் கீழ்க்குடுமி முறிந்தது. மூன்று நாள் தண்ணீரில் ஊறிய நிலைப்படி, கரையான் தின்ற இரண்டு முனையிலும் விட்டுப்போய்க் கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து வாசலில் ஒரு நீலத் தார்ப்பாய்தான் தொங்கியது. தியெப் அம்மாள் காலையில் அங்கே போடும் நூடுல்ஸ் கடையும் மூடிக்கிடந்தது.

ஆற்றோரத் தச்சர்கள் எல்லோருக்கும் புத்தாண்டு வரை கை நிறைய வேலை. ஆகவே மருமகள் லுவா ரம்பத்தை எடுத்தாள். படகுத் துறையில் பிறந்தவள் அவள். அப்பா பழுது பார்க்கும் படகுகளின் நிழலில் உட்கார்ந்து சோறு தின்று வளர்ந்தவள். கதவில் அழுகியதை வெட்டி எறிந்து, புதுக் கட்டையைப் பாதிக்குப் பாதி செதுக்கி ஒட்டி, மரமுளை அடித்து இறுக்கினாள். கதவை உடைத்த அதே பலாமரத்தை அறுப்புப் பட்டறைக்கு இழுத்துப்போய் அறுத்து வந்து புது நிலைப்படி செய்தாள். திருடனையே பிடித்து வாட்ச்மேன் வேலை கொடுத்துவிட்டீர்கள் என்று நாத்தனார் மியென் அதைக் கேலி செய்தது போன வாரம்.

நேற்று மாலை நிலைப்படி பொருத்தியாகிவிட்டது. இன்று இரண்டு கதவையும் தூக்கி மாட்டவேண்டியதுதான் பாக்கி.

அப்படித்தான் லுவா நினைத்திருந்தாள்.

*

விடியும்போதே தெருமுனை ஒலிபெருக்கி பேச ஆரம்பித்துவிட்டது. புயல் திசை மாறவில்லை. நாளை விடிவதற்குள் கரையேறிவிடும். மாலை ஆறு மணிக்குள் எல்லோரும் கூரையைக் கயிறு போட்டுக் கட்டிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கதவு சரியில்லாத வீட்டார் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். வாசல் வழியே காற்று நுழைந்தால் கூரையை உள்ளிருந்தே தூக்கிவிடும் என்பது ஒலிபெருக்கி சொல்லாமலே ஊருக்குத் தெரியும்.

லுவா அதைக் கேட்டபடி லியூ அக்கா வீட்டுக்கு நடந்தாள். லியூ அக்கா படகுச் சொந்தக்காரரின் மனைவி. கடலோடு பேசும் ரேடியோ அவள் வீட்டு மேசையில்தான் இருந்தது. லுவாவின் கணவன் ஹுவான் கணவாய் பிடிக்கும் படகில் போய் நாற்பத்து மூன்று நாள். படகில் நாற்பத்திரண்டு பேர். இருட்டினால் ஆளுக்கொரு கூடைப்படகில் தனித்தனியாக இறங்கி, ஆளுக்கொரு விளக்கோடு கடலில் பரவி உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்கள். தினமும் காலையில் பெரிய படகிலிருந்து ஒரு குரல் வரும். மூன்று நாளாக வரவில்லை.

இன்றும் ரேடியோவில் கடலை வறுக்கிற மாதிரி இரைச்சல்தான் வந்தது. லியூ அக்கா படகின் எண்ணைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். தரையில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் இன்னொருத்தி முகத்தைப் பார்க்கவில்லை. ஏதாவது தீவு மறைவில் ஒதுங்கியிருப்பார்கள், ரேடியோக் கம்பி அறுந்திருக்கும் என்று லியூ அக்கா சொன்னாள். நேற்றும் அதையேதான் சொன்னாள்.

லுவா திரும்பி வந்தபோது மாமியார் வாசலில் நின்றிருந்தாள். கையில் மாமனாரின் அளவுகோல்.

முழத்துக்குச் சற்றுக் குறைந்த மரக்கோல் அது. அதில் பத்துக் கட்டம். சில சிவப்பு, சில கறுப்பு. சிவப்பு ஆகும், கறுப்பு ஆகாது. எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தாலும் எந்தக் கட்டம் என்ன சொல்லும் என்பது தியெப் அம்மாளுக்கு மனப்பாடம். மாமனார் தோவான், இறந்தவர்களை வைத்துக் கும்பிடும் முன்னோர் மேடை செய்கிற தச்சர். இந்த வீட்டின் நிலையையும் கதவையும் இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு, ஹுவான் பிறந்த வருடத்தில், இந்தக் கோலால் அளந்துதான் செய்தார்.

தியெப் அம்மாள் நிலைக்காலைக் காட்டினாள். புதுப்படியிலிருந்து மேலே, கோல் கோலாக வைத்துச் சுண்ணாம்பில் நாலு கோடு இழுத்திருந்தாள். ஐந்தாவது முறை கோலை வைத்துக் காட்டினாள். மேல்நிலையின் விளிம்பு ஒன்பதாவது கட்டத்தில் முடிந்தது. கறுப்பு.

"இது என்னன்னு தெரியுமா உனக்கு?"

லுவாவுக்குத் தெரியாது.

"இழப்பு."

வெளியே யாரோ கூரைமேல் ஏறி மணல் மூட்டையை இழுக்கும் சத்தம் கேட்டது.

முன்பு பத்தாவது கட்டத்தில் நின்றது, செல்வம், இந்த ஊரில் எவன் வீட்டு வாசலும் அவ்வளவு சுத்தமாகச் சிவப்பில் நிற்காது என்று தியெப் அம்மாள் சொன்னாள். குரல் உயரவில்லை. அதுதான் லுவாவுக்குப் பயமாக இருந்தது.

"யாரைக் கேட்டுப் படியை உசத்துன?"

மரம் கனமாக அமைந்தது, சின்னச் சின்னத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கட்டும் என்று அப்படியே வைத்துவிட்டேன் என்று லுவா சொன்னாள். கதவுகள் நிலைக்குப் பின்னால் நின்று சாத்துகிறவை. படி இரண்டு விரல் உயர்ந்தால் கதவுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னாள்.

"படகுக்குத்தான் தண்ணி புகாம பாத்தாப் போதும். வீடு அப்படி இல்ல. உங்கப்பா படகுக்கு வாசல் வச்சதே இல்லியா?"

"படகுக்கு ஏது அத்தை வாசல்?"

"அதான் தெரியுதே."

பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் கதவு என்றாள் தியெப் அம்மாள். படியின் இரண்டு முனையும் நிலைக்காலுக்குள் இறங்கி முளை அடித்தாயிற்று, பிடுங்கினால் நிலைக்காலே ஆடும், ஒரு நாளில் ஆகாது என்று லுவா மன்றாடினாள். குனிந்து செதுக்கலாமா என்று பார்த்தால் மரம் பாதி ஈரம், வாய்ச்சி பட்டால் நார் நாராகக் கிழிகிறது.

"அப்ப கதவு வேணாம்."

"காத்து வருது அத்தை. கூரை போயிடும்."

"போகட்டும். எம்மகன் கடல்ல இருக்கான். மூணு நாளா அவன் குரல் கேக்கல. இழப்புன்னு நிக்கிற வாசலுக்குக் கதவு மாட்டி, உள்ள உக்காந்து, இதுதான் எங்களுக்கு வேணும்னு சாத்திக்கச் சொல்றியா?"

பள்ளிக்கூடத்துக்குப் போகவும் அவள் தயாரில்லை. மேடையில் தோவானின் படத்தை விட்டுவிட்டு அவள் எந்த வெள்ளத்திலும் வெளியேறியதில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, தார்ப்பாய்க்குப் பக்கத்தில் கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

*

பத்து மணிக்கு மியென் வந்தாள். தையல் கடையைப் புயலுக்காகச் சீக்கிரம் மூடிவிட்டார்களாம். கையில் அண்ணிக்காக வாங்கிய புது அளவு நாடா. பழைய நாடா வெள்ளத்தில் துருப்பிடித்துப் போயிருந்தது.

வந்தவள் அலுப்பில் புது நிலைப்படியின்மேல் உட்காரப் போனாள்.

"எழுந்திரு. படியில உக்காராத. எத்தனை தடவை சொல்றது?" தியெப் அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெண்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்தால் அந்த வீட்டுக்கு வருகிறது எல்லாம் அப்படியே திரும்பிப் போய்விடும் என்பது அவள் கட்சி.

"கதவே இல்லாத வீட்டுக்குப் படி மட்டும் என்ன பவுசு" என்று முணுமுணுத்தபடி மியென் கொல்லைக்குப் போனாள். லுவா அங்கேதான் ஒட்டுப்போட்ட கதவைத் தடவிப் பார்த்தபடி குந்தியிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் மியெனின் வாய் மூடிக்கொண்டது. அது அடிக்கடி நடக்கிற விஷயம் அல்ல.

நாடாவைப் பிரித்தது லுவாதான். இழுத்ததும் சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள் தெரிந்தன. மாமனாரின் கோலை வைத்து மாமியார் சொன்ன அதே சொற்கள் நாடாவின் அடிவரியில் அச்சாகியிருந்தன. ஆனால் மேலேயும் ஒரு வரி இருந்தது. அதில் கட்டங்கள் வேறு, சொற்கள் வேறு.

"இது எதுக்கு ரெண்டு?" என்று லுவா கேட்டாள்.

மியென் நாடா வந்த அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தாள். மேல்வரி: வாசல், சன்னல். அடிவரி: கல்லறை, முன்னோர் மேடை.

லுவா நாடாவை மறுபடி நீட்டி இரண்டு வரியையும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"அப்பா மேடை செய்யற ஆளு" என்று மியென் மெதுவாகச் சொன்னாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணி, எங்கப்பா கல்லறை அளவுல வீட்டுக்கு வாசல் வச்சிருக்காரு."

லுவா சிரிக்கவில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாசலுக்குப் போனாள். மாமியார் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளா, வேண்டுகிறாளா தெரியவில்லை. லுவா சத்தமில்லாமல் நாடாவைப் புதுப்படியிலிருந்து மேல்நிலைக்கு இழுத்தாள். நூற்று எண்பத்தெட்டு. அடிவரியில் கறுப்பு, இழப்பு. மேல்வரியில் சிவப்பு. நற்பேறு என்று எழுதியிருந்தது.

அவள் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. இதைச் சொன்னால் போதும். இப்போதே கதவை மாட்டிவிடலாம்.

ஆனால் கை அதோடு நிற்கவில்லை. நிலைக்காலில், புதுப்படி மறைக்காத ஓரத்தில், பழைய படி இருந்த இடம் வெளிறிய கோடாகத் தெரிந்தது. நாடாவின் நுனியை அதில் வைத்து இழுத்தாள். நூற்றுத் தொண்ணூற்று ஒன்று. அடிவரியில் செல்வம். அதற்கு நேர் மேலே, மேல்வரியில், கறுப்புக் கட்டம்.

தனிமை.

லுவா நாடாவை விட்டாள். அது சர்ரென்று உள்ளே ஓடியது. தியெப் அம்மாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

*

தோவான் காணாமல் போனது மியென் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது. மேல் ஆற்றில் நல்ல பலாக்கட்டை கிடைக்கிறது என்று மழைக்கால முடிவில் தோணியில் போனார். தோணி மட்டும் திரும்பி வந்தது. அப்போது தியெப் அம்மாளுக்கு முப்பது வயது. அதற்குப் பிறகு இருபத்தொரு வருடம், காலை நாலு மணிக்கு அந்தக் கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, போகிறவன் வருகிறவனுக்கு நூடுல்ஸ் ஊற்றினாள். யாராவது வீட்டைப் பற்றிக் குறை சொன்னால் அவளுக்கு ஒரே பதில். எங்க வீட்டுக்காரர் மூணு தடவை அளந்து வச்ச வாசல்.

இரண்டு அளவையும் கேட்டதும் கொல்லையில் மியென் கொதித்தாள். அம்மாவிடம் இப்போதே போய்ச் சொல்கிறேன், கதவை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம் என்று எழுந்தாள். லுவா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"சொல்லி? புது வாசல் நல்லதுன்னு சொல்லணும்னா பழைய வாசல் என்னன்னும் சொல்லணும். அதை வச்சது யாருன்னும் சொல்லணும்."

"அப்பா வேணும்னேவா வச்சாரு?"

"அதனாலதான் சொல்றேன், வேணாம்னு."

அப்படியானால் பழைய உயரத்துக்கே எப்படியாவது கொண்டுவந்துவிடலாமே, அம்மா வாயை அடைத்தாற்போல் இருக்கும் என்றாள் மியென். லுவா தலையாட்டினாள். மாட்டேன் என்று. ஏன் என்று மியென் கேட்டதற்கு, நாடாவின் மேல்வரியில் அந்தக் கறுப்புக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"என்ன அண்ணி, நீங்களும் நம்ப ஆரம்பிச்சிட்டீங்களா? படகுத் துறைப் பொண்ணு. சாமி கும்பிடறப்பவே கொட்டாவி விடுவீங்க."

"படகு பேசட்டும். அப்புறம் நம்ப மாட்டேன்."



ஒரே வாசல். புது உயரத்தில் ஒருத்திக்கு இழப்பு, பழைய உயரத்தில் இன்னொருத்திக்குத் தனிமை. இரண்டு பேரும் பயந்தது ஒருவனுக்காகத்தான். லுவா கொல்லை மண்ணில் நாடாவை நீட்டிப் போட்டு, குந்தியபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்று இன்னும் வரவில்லை. வாழை இலைகள் ஒன்றுகூட அசையாமல் நின்றன. நாய்கள் எங்கோ போய்விட்டிருந்தன.

பழைய உயரம் பத்தாவது கட்டம், சிவப்பு. புதுப்படி ஒன்பதாவது, கறுப்பு. எட்டாவது என்ன?

சிவப்பு. தழைப்பு என்று இருந்தது. அதற்கு நேர் மேலே, வாசலுக்கான வரியில், இன்னும் நற்பேறுதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வரியும் சேர்ந்து சிவந்திருந்தன, மூன்றரை சென்டிமீட்டர் தூரத்துக்கு.

மாமியார் இறக்கச் சொல்கிறாள். இறக்கவேண்டியதில்லை. இன்னும் இரண்டு விரல் ஏற்றினால் போதும்.

*

ஏற்றுவதற்குக் காய்ந்த மரம் வேண்டும். பட்டறை மூடிவிட்டது. கடைகள் எல்லாம் பலகை அடித்துச் சாத்தியாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் கேட்க முடியாது. இன்றைக்கு ஒரு பலகை வைத்திருக்கிறவன் அதைத் தன் சன்னலில்தான் அடிப்பான். அந்த வீட்டில் நன்றாகக் காய்ந்த பலாக்கட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மேடைக்கு அடியில், பழைய துணியில் சுற்றிக் கிடந்தது.

பழைய நிலைப்படி. முனைகள்தான் கரையானுக்குப் போயிருந்தன. நடுப்பகுதி இரும்பு மாதிரி. வெள்ளம் வடிந்த அன்று மியென் அதை அடுப்புக்கு இழுத்துப்போகப் பார்த்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

லுவா மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அத்தை, மாமா வச்ச படி வேணும்."

"எதுக்கு?"

"மேல்பக்கத்தை மட்டும் அறுத்து எடுக்கணும். ரெண்டு விரல் கனம். புதுப்படி மேல பதிச்சிடறேன். கோலை வச்சுப் பாருங்க, எட்டாவது கட்டம் வரும்."

தியெப் அம்மாள் வாய்க்குள் எண்ணிப் பார்த்தாள். எட்டு. தழைப்பு. ஆனால் முகம் இளகவில்லை.

"பழைய உசரத்துக்குக் கொண்டு வான்னா, இன்னும் மேல போறேங்கற. பழைய உசரத்துல என்ன கொறை?"

லுவா இடுப்பைத் தொட்டாள். நாடா இடுப்பில்தான் செருகியிருந்தது. இழுத்துக் காட்ட ஒரு கணம் போதும். அவள் மேடையின் மேலிருந்த படத்தைப் பார்த்தாள். முப்பத்து மூன்று வயது ஆள், காதில் பென்சில் செருகியபடியே படம் எடுத்துக்கொண்டவர்.

"கொறை ஒண்ணும் இல்ல அத்தை. நேரம்தான் இல்ல."

மாமியார் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தை விட்டு, பக்கவாட்டில், காதுப்பக்கமாக எதையோ பார்த்தாள்.

"தேய்ஞ்ச பக்கம் மேல இருக்கணும்" என்றாள். "அவர் கால் பட்டது."

அறுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. காய்ந்த பலா ரம்பத்தைக் கடித்துக் கடித்துப் பிடித்தது; லுவா மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டினாள். கட்டை உருளாமல் இருக்க ஒரு முனையில் மியென் ஏறி உட்கார்ந்தாள். இன்னொரு முனையைத் தியெப் அம்மாள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் நிற மரத்தூள் அவள் பாதத்தின்மேல் குவிந்தது. ஒரு முறை ரம்பம் கோணலாகப் போனபோது, வலது பக்கம் சாயுது என்று அவளே முதலில் சொன்னாள். மேடைத் தச்சனோடு எட்டு வருடம் வாழ்ந்தவள்.

பலகை தனியாக வந்ததும் நடுவில் ஒரு பள்ளம் தெரிந்தது. கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த பள்ளம், ஒரு கிண்ணத்தை வைத்து அழுத்தி எடுத்தாற்போல. மியென் அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

முளைக்குத் துளைபோடும்போது முதல் மழை வந்தது. சாய்வாக, ஊசி ஊசியாக. தார்ப்பாய் படபடத்தது. லுவா ஆறு முளை அடித்தாள். ஒவ்வொன்றையும் படகில் அடிக்கிற மாதிரி, தலை நசுங்கும் வரை.

தியெப் அம்மாள் கோலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது முறை கோலின் எட்டாவது கட்டத்தில் மேல்நிலை வந்து நின்றது. அவள் அங்கே கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டுங்க."

கதவை மாட்டுவது மூன்று பெண்களுக்கு மேல் உள்ள வேலை. கதவைச் சாய்த்துத் தூக்கி, மேல்குடுமியை மேல்குழிக்குள் ஏற்றி, அப்படியே நிமிர்த்திக் கீழ்க்குடுமியைக் குழிக்குள் இறக்க வேண்டும். வலது கதவு ஒரே தூக்கில் உட்கார்ந்தது. ஒட்டுப்போட்ட இடது கதவு இரண்டு முறை நழுவியது. இரண்டாவது முறை மியெனின் விரல் நசுங்கியது. அவள் அண்ணியையும், அண்ணனையும், பலாமரத்தையும், அதை வளரவிட்ட மலையையும் திட்டித் தீர்த்தாள். மூன்றாவது முறை குடுமி குழிக்குள் இறங்கியது. டொக் என்று ஒரு சத்தம். ஒட்டுப்போட்ட இடத்தில் லுவா காதை வைத்துக் கேட்டாள். முனகல் இல்லை.

ஐந்தரைக்குக் கதவைச் சாத்தினார்கள். காற்றின் சத்தம் சட்டென்று வெளியே போய்விட்டது. இருபத்தாறு நாளுக்குப் பிறகு வீடு வீடாக இருந்தது.

*

மியென் விரலில் துணி சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். லுவா உளிகளைத் துடைத்தாள். இடுப்பு லேசாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள். நாடா இல்லை. கதவைத் தூக்கும்போது நழுவி விழுந்திருக்க வேண்டும்.

தியெப் அம்மாள் வாசலுக்கு முதுகைக் காட்டாமல், நிலைக்காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நாடாவின் நுனி அந்த வெளிறிய கோட்டில் இருந்தது. கோலில் ஒரே வரியைப் பார்த்துப் பழகிய கண், முதலில் அடிவரியில்தான் நின்றது. பிறகு கட்டைவிரல் மெதுவாக மேலே நகர்ந்தது. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கிறவள் அவள். உதடு அசைந்தது. மூன்று எழுத்துச் சொல்லுக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று லுவா நினைக்கவில்லை.

தியெப் அம்மாள் நாடாவை விடவில்லை. அட்டையைத் தேடி எடுத்து, விளக்குப் பக்கம் பிடித்து, அதையும் வாசித்தாள்.

லுவா உளியைக் கீழே வைத்தாள். எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

"மேடை செய்யறவர்தானே" என்றாள் தியெப் அம்மாள், யாரிடமோ சொல்வது போல. "அந்த வரிதான் அவருக்குத் தெரியும்." நாடாவை மெதுவாக, சத்தம் வராமல், உள்ளே போகவிட்டாள். "மூணு தடவை அளந்தாரு. நான்தான் விளக்குப் பிடிச்சேன்."

"அத்தை..."

"பொய் சொன்னா உன் காது செவக்குது. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே கவனிச்சேன். சமைக்கத் தெரியும்னு சொன்னே பாரு, அப்ப."

லுவாவின் கை தானாகக் காதுக்குப் போயிற்று.

கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத அந்த முகத்தோடு மாமியார் மேடைப்பக்கம் திரும்பினாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ கேட்கப் போகிறாள் என்று லுவா காத்திருந்தாள். படத்தைக் கேட்கப் போகிறாளா, தன்னைக் கேட்கப் போகிறாளா என்றுதான் தெரியவில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது. உள்ளங்கையால், படபடவென்று.

லியூ அக்கா. மழைக்கோட்டைத் தலைக்குமேல் இழுத்துப் பிடித்திருந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"படகு பேசுது" என்றாள். மூச்சு வாங்கியது. "சத்தம் வந்து வந்து போகுது. படகுத் தலைவர் ஒவ்வொரு பேராச் சொல்லி, அவங்கவங்க குரல் குடுக்கறாங்க. நான் ஓடி வரப்ப இருபத்தாறு பேர் ஆயிருந்துச்சு. ஹுவான் பேரு இன்னும் வரல."

லுவா செருப்பைத் தேடினாள்.

லியூ அக்கா தியெப் அம்மாளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ரெண்டு கூடைப்படகு இன்னும் சேரலையாம். யாரோடதுன்னு சொல்லல."

அடுப்படியில் மியென் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது. தெருமுனை ஒலிபெருக்கி ஆறு மணி என்றது, கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னது.

"நீ போ" என்றாள் தியெப் அம்மாள்.

"நீங்களும் வாங்க அத்தை."

"யாராவது இங்க இருக்கணும்."

"சரி, சாத்திக்கிட்டு உள்ள இருங்க. காத்து..."

"காலையிலேர்ந்து இதைச் சாத்தறதுக்குத்தான் அடிச்சுக்கிட்டோம்." தியெப் அம்மாள் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். மழை உள்ளே வந்தது. "அவன் பேரு வரட்டும். அதுக்கப்புறம் சாத்தறேன்."

லுவா படியைத் தாண்டினாள். கால் பழைய உயரத்தை நினைத்துத் தூக்கிவிட்டது; பெருவிரல் இடித்து, தடுமாறி, நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினாள். லியூ அக்கா முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

தெரு திரும்பும் இடத்தில் லுவா ஒரு முறை பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில், திறந்த வாசலின் நடுவே, தியெப் அம்மாள் நிலைப்படியின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கதவை முதுகாலும் இன்னொன்றைக் காலாலும் காற்றுக்கு விடாமல் முட்டுக்கொடுத்திருந்தாள். ஒரு கை அந்தப் பள்ளத்தின்மேல் இருந்தது.